ஆடி இருபத்திரண்டு

சின்னமனூர் வாழை மண்டியில் முதலில் சொல்கிற விலையை யாரும் நம்புவதில்லை. சொல்கிறவரே நம்புவதில்லை. கிளம்புகிற விருந்தாளியிடம் "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்வதைப்போல அது ஒரு மரியாதை. நிஜ விலை அதற்குக் கால்மணி நேரம் கழித்து, வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவரையொருவர் வயிற்றில் அடிப்பதாகக் குற்றம் சாட்டி முடித்த பின்புதான் பிறக்கும்.

இந்த வித்தையில் கனிஷ்காவை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. பெயரைக் கேட்டதுமே வயது தெரிந்துவிடும், ஐம்பதைத் தாண்டியிருப்பாள். அவள் பிறந்த காலத்தில் ஷ, ஸ, ஜ இல்லாமல் பெண் குழந்தைக்குப் பெயர் வைத்தால் பிரசவ ஆஸ்பத்திரியில் கோபித்துக்கொள்வார்களோ என்கிற மாதிரி இருந்தது. இப்போது மறுபடி பவளக்கொடி, சுருளிவேல், தவசி என்று வைக்கிறார்கள். பெயரும் சரக்குதான். வரத்து குறைந்தால் விலை ஏறும்.

புருஷன் போன பிறகு மண்டியையும், அதன் பின்னாலிருந்த மூன்று பழுக்கவைக்கும் அறைகளையும் அவள்தான் நடத்தினாள். காய் வெட்டிய நாளைத் தெரிந்துகொண்டால்தான் எத்தனை நாள் அறைக்குள் வைக்கலாம் என்று சொல்ல முடியும். விவசாயி எப்போதும் "நேத்துத்தான் வெட்டுனேன்க்கா" என்பார். அவள் தாரைத் திருப்பி, வெட்டுவாயில் பால் காய்ந்து கறுத்திருப்பதைப் பார்ப்பாள்.

"நேத்து வெட்டுனதுக்கு மூஞ்சி இப்படியா கறுத்துக் கெடக்கும்? இது உங்க அப்பாரு காலத்துல வெட்டுனது."

"அறைக்குள்ள வச்சு நாலு நாள்தான் ஆகப் போகுதுக்கா. முன்னாடி எத்தன நாளா இருந்தா என்ன?"

"அறைக்குள்ள வராத நாளும் கணக்குல உண்டு. வெட்டுன நாள்லருந்துதான் எண்ணணும். போய் வேற மண்டியப் பாரு."

யாரும் வேறு மண்டிக்குப் போனதில்லை. விலையைக் குறைத்துக்கொண்டு, அவள் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

அப்படிப்பட்டவள் ஒருமுறை ஒரு தேதியைப் பேரம் பேசி ஜெயித்தாள்.

*

'தாழ்' வந்து அப்போது பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். சனங்கள் தாழ் என்று முடித்துக்கொண்டார்கள். அரிசி மணி அளவு இருக்கும். கர்ப்பத்தைப் பதிவு செய்கிற அன்றே இடுப்புத் தோலுக்கடியில் வைத்துவிடுவார்கள். கருப்பையில் வலி கிளம்பினால் அது தெரிந்துகொள்ளும். துளி மருந்தைக் கசியவிட்டு அடக்கும். நாற்பது வாரம் முடிகிற அன்று காலையில் தானாகவே திறந்துவிடும்.

குறைமாதப் பிரசவம் ஒழிந்தது. குறைமாதக் குழந்தைகளை வைத்த கண்ணாடிப் பெட்டிகளில் இப்போது நர்சுகள் மடித்த துணிகளை வைக்கிறார்கள். பிள்ளை பிறக்கும் நாளுக்கு மாமன்மார் துபாயிலிருந்து முன்கூட்டியே டிக்கெட் எடுக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதமே தாய் வீட்டுக்குப் போன பெண்கள், இப்போது தேதிக்கு முந்தின வாரம் போனால் போதும் என்றாகிவிட்டது. வளைகாப்பு அழைப்பிதழில் கர்ப்பத்தின் முதல் நாளையும் பிரசவ நாளையும் பெரிய எழுத்தில் அச்சடிக்கிற வழக்கம் யார் தொடங்கியது என்று தெரியவில்லை. அச்சடிக்காவிட்டால் கேவலம் என்று ஆகிவிட்டது.

தாழுக்குக் கண் கிடையாது. ஒரே ஒரு பதிலைத்தான் அது நம்பியது. கடைசி மாதவிலக்கு எந்த நாளில் வந்தது? அந்த நாளை வைத்தே எல்லாவற்றையும் எண்ணியது. ஆரம்ப மாதங்களில் எடுக்கிற ஸ்கேனை நிறுத்திவிட்டார்கள். நாள்தான் தெரியுமே, ஸ்கேன் எதற்கு என்று கேட்டது நிதித்துறை. நியாயமான கேள்விதான். நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிள்ளையின் பிறந்த நாளை என்ன செய்வோம் என்பது நிதித்துறைக்கு ஞாபகம் வரவில்லை.

*

கனிஷ்காவின் ஒரே மகன் சுருளிவேலுக்கு வைகாசியில் கல்யாணம் ஆயிற்று. பெண் கம்பத்துப் பவளக்கொடி. ஆடி பிறந்ததும் வழக்கப்படி அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். ஆடியில் உண்டானால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரைப் பிள்ளை வீட்டுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. தாழும், விண்கலமும், கேரளாவுக்கு ஆளில்லாமல் ஓடும் லாரியும் வந்த பிறகும் அந்த நம்பிக்கை மட்டும் வாடாமல் இருந்தது. ஆவணி முதல் நாள் பவளக்கொடி திரும்பி வந்தாள். புரட்டாசிக் கடைசியில் பதிவுக்கு அழைத்துப் போனாள் கனிஷ்கா.

நர்ஸ் ரஹ்மத் நிஷா கேள்வி கேட்கும்போது கனிஷ்கா அறையில் இல்லை. தொடுபுழாவில் நின்றுபோன லாரிக்காக வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தபோது கேள்வி முடிந்திருந்தது. திரை மட்டும் இனிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தது: கர்ப்பத்தின் முதல் நாள், ஆடி இருபத்திரண்டு. பிரசவ நாள், சித்திரை முப்பத்தொன்று.

கனிஷ்கா மருமகளைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். ஆடி இருபத்திரண்டில் இந்தப் பெண் கம்பத்தில் இருந்தாள். மகன் இங்கே இருந்தான். இருந்ததாகச் சொன்னான்.

"இத மாத்து பாப்பா," என்றாள்.

"எதம்மா?"

"தேதிய. ஒரு மாசம் தள்ளிப் போடு."

ரஹ்மத் நிஷா சிரித்தாள். "சித்திரைன்னு பயமா? நானே சித்திரைல பொறந்தவதான்மா."

"தெரியுதே. காத்தாடிகூட இல்லாத ரூம்ல உக்காத்தி வச்சிருக்காகளே."

"சரி, உங்களுக்காக ஒரு நாள் தள்ளுறேன். வைகாசி ஒண்ணு. போதுமா?"

"பிரசவத் தேதி கெடக்கட்டும். மொத நாளு ஆவணில வரணும்."

"அது சும்மா ஒரு எண்ணிக்கைம்மா. நாங்க எண்ணுறதே ரெண்டு வாரம் முன்னாடி—"

"எண்ணுறத எனக்குச் சொல்லித் தராத தாயி. நான் எண்ணியே வளந்தவ."

"அப்பப் பத்து நாள் தள்ளுறேன். ஆவணி ஒண்ணு."

"ஆவணி ஒண்ணாந் தேதிதான் புள்ள கம்பத்துலருந்து பஸ்ஸ விட்டு எறங்குச்சு. எறங்குன அன்னைக்கேவா? பத்திரிகையப் படிச்சுட்டு ஊரே சிரிக்கும். ஒரு மாசம். அதுக்குக் கொறஞ்சு பேச்சே இல்ல."

வெளியே வரிசை நீண்டிருந்தது. ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. ரஹ்மத் நிஷா பவளக்கொடியிடம் திரும்பி, "நீ என்னம்மா சொல்ற?" என்றாள்.

பவளக்கொடிக்கு மாமியார் ஏன் இப்படி நிற்கிறாள் என்று முழுதாகப் புரியவில்லை. சித்திரையைப் பற்றிய பயம் என்று நினைத்தாள். அவளுடைய பிறந்த நாளே பள்ளிக்கூடத்தில் ஏழு மாதம் முன்னால் தள்ளப்பட்டது. அதனால் அவளுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. கவுண்டரில் சொல்கிற தேதி ஒன்று, வீட்டில் இருக்கிற தேதி ஒன்று.

"அத்த சொல்றபடி போட்ருங்கக்கா," என்றாள்.

நர்ஸ் பெருமூச்சு விட்டு மாற்றினாள். "ஆனா ஒண்ணு. வலி முன்னாடியே வந்தா வீட்ல வச்சுக்கிட்டு இருக்காதீங்க. நேரா இங்க வந்து உள்ள தேதியச் சொல்லுங்க. எனக்கு வேலை போனாலும் பரவால்ல. நீங்க ரெண்டு பேரும் வாயத் தெறந்து சொன்னாத்தான் நான் தாழத் தெறக்க முடியும்."

"அதெல்லாம் சொல்லிருவோம்," என்றாள் கனிஷ்கா, தார் விலை முடிந்த பிறகு காபி சொல்கிற குரலில்.

வெளியே வந்ததும் மருமகளுக்கு இரண்டு முழம் பூ வாங்கித் தலையில் வைத்துவிட்டாள். "பயப்படாத. நான் இருக்கேன்," என்றாள். பவளக்கொடிக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைக்கும் என்று அன்று தன் அம்மாவிடம் போனில் சொன்னாள்.

*

கனிஷ்கா அதைப்பற்றி மகனிடமும் கேட்கவில்லை, மருமகளிடமும் கேட்கவில்லை. கேட்டால் குற்றம் சாட்டியதாகிவிடும்; பதில் வேறு மாதிரி வந்துவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது? அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். ஆடியில் மகன் ஒருமுறை லோடுக்குத் துணையாகக் கோட்டயத்துக்குப் போயிருக்கிறான். கம்பம் வழியாகத்தானே போகவேண்டும்? நிறுத்தியிருப்பான். வாலிபப் பிள்ளை. நிறுத்தித்தான் இருக்கவேண்டும். அதற்கு அடுத்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து அறைகளைப் பார்க்கப் போய்விடுவாள்.

அந்த நினைப்பு சும்மாவும் இருக்கவில்லை. சாப்பாட்டின் நடுவே திடீரென்று சுருளிவேலை முறைத்து, "கம்பத்துல என்ன டீ அம்புட்டு நல்லாருக்குமோ," என்பாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி விழிப்பான். பவளக்கொடி யாரிடமாவது போனில் சிரித்துப் பேசினால் மாமியாரின் காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பும்.

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் குழந்தை நாளுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார் டாக்டர். இல்லை. "நல்லா வளந்த பிள்ளை," என்று எழுதி அனுப்பினார். கனிஷ்கா மண்டி முழுக்கச் சொன்னாள்: "எங்க வீட்டுத் தாரு. எட கூடத்தான் நிக்கும்." தேதியை மாற்றிய ஞாபகம் அந்த நேரத்தில் அவளுக்கு வந்ததா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம். வியாபாரிகளுக்கு முடிந்த பேரத்தைத் திரும்ப எண்ணிப் பார்க்கும் பழக்கம் கிடையாது.

வளைகாப்பு அழைப்பிதழில் ஆவணி இருபது என்று அழகாக அச்சாகியிருந்தது. ஊரில் யாரும் சிரிக்கவில்லை.

*

சித்திரை இருபத்தெட்டு, மத்தியானம். பவளக்கொடி அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி இடுப்பிலிருந்து முன்னால் வந்து, பாதியிலேயே யாரோ கையை வைத்து அமுக்கியதுபோல அடங்கியது. சற்றுப் பொறுத்து மறுபடி வந்தது. மறுபடி அமுங்கியது.

"அத்த, பிள்ளை கெளம்பிருச்சு."

"சூட்டு வலியா இருக்கும்."

"இல்ல அத்த. உள்ளபடி இதான நாளு? நர்ஸக்காகிட்ட போயி சொல்லிருவோம்."

கனிஷ்கா சுவரிலிருந்த தேதித்தாளைப் பார்த்தாள். விரலை மடக்கினாள். "இன்னைக்கு இருபத்தெட்டு. இருபத்தொம்பது, முப்பது, முப்பத்தொண்ணு. அம்புட்டுத்தான். வைகாசி ஒண்ணாந் தேதி விடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போயி, நானே உள்ளதச் சொல்றேன். என் தலமேல சத்தியம். மூணே நாள் பொறுத்துக்க. வலியத்தான் தாழு பாத்துக்குதே."

"பிள்ளையும் ஒத்துக்கணுமே அத்த."

பேரத்தில் எதிர்ப்பேச்சு இல்லாதபோது எழுந்து போய்விட வேண்டும் என்பது கனிஷ்காவுக்குத் தெரியும். எழுந்தாள்.

லாரி கழுவிக்கொண்டிருந்த சுருளிவேல் சத்தம் கேட்டு ஈரக் கையோடு உள்ளே வந்தான். "அம்மா, ஒரு எட்டு கூட்டிட்டுப் போயிருவோமே. சும்மா காட்டிட்டு வந்துருவோம்."

"காட்டுனா தெறந்துருவாக. சித்திரைல விழும். நீ பேசாத. பேச வேண்டியவன் ஆடிலயே பேசிருக்கணும்."

"ஆடிலயா? ஆடில நான் என்னத்தப் பேச?"

"போயி லாரியக் கழுவு."

அவன் மனைவியைப் பார்த்தான். அவளுக்கும் விளங்கவில்லை. வெயிலில் அம்மாவுக்குத் தலை சுற்றியிருக்கும் என்று நினைத்து மறுபடி வெளியே போனான். அவன் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஆனால் அந்த வீட்டில் கனிஷ்காவிடம் இரண்டாவது கேள்வி கேட்டுப் பழகியவர் யாருமில்லை.

மறுநாளும் வலி வந்தது, அடங்கியது. முப்பதாம் தேதி கொஞ்சம் தள்ளித் தள்ளி வந்தது. முப்பத்தொன்றில் வலி வரவே இல்லை. "பாத்தியா, புள்ள சொன்ன பேச்சுக் கேக்குது," என்றாள் கனிஷ்கா. பவளக்கொடி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். தூங்குகிறது போல என்றாள்.

வைகாசி முதல் நாள் காலையில் கனிஷ்கா தலைக்குக் குளித்து, பட்டுச் சேலை கட்டி, மருமகளைக் காரில் ஏற்றினாள். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். தேதி பொய். மாற்றச் சொன்னது நான். நர்ஸ் மேல் குற்றமில்லை. என் மருமகள் மேலும்.

அதை யாரும் கேட்கவில்லை. ரஹ்மத் நிஷா கருவியை வயிற்றில் வைத்து, இடம் மாற்றி வைத்து, மறுபடி மாற்றி வைத்தாள். பிறகு இடுப்பிலிருந்த தாழைத் தொட்டுப் பார்த்தாள். அது ஏற்கெனவே திறந்திருந்தது. துடிப்பு நின்றுவிட்டால் தாழ் தானாகவே விட்டுவிடும். அதற்கு யாருடைய வாக்குமூலமும் தேவையில்லை.

*

மத்தியானத்துக்குள் பிறந்தது. பெண். நிறைமாதப் பிள்ளை, நகம் விரல்நுனியைத் தாண்டி வளர்ந்திருந்தது. தலை நிறைய முடி. வலது காதின் மேல்மடிப்பு சுருளிவேலுக்கு இருப்பதுபோலவே கொஞ்சம் கசங்கியிருந்தது.

கனிஷ்கா அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வலி வந்தா உடனே வரச் சொன்னேனேம்மா," என்றாள் ரஹ்மத் நிஷா. அவள் குரலில் கோபம் இல்லை. அதற்கான தெம்பு இல்லை. "தாழு வலியத்தான் நிறுத்தும். வர்ற பிள்ளைய நிறுத்தாது. மூணு நாளா முட்டிக்கிட்டு இருந்துருக்கு. ஒரு சித்திரைக்காகவா?"

"சித்திரைக்காக மட்டும் இல்ல பாப்பா." கனிஷ்கா குரலைத் தாழ்த்தினாள். அவர்களுக்கும் பவளக்கொடியின் கட்டிலுக்கும் நடுவே ஒரு துணித்திரை மட்டும் இருந்தது. "சித்திரைல பொறந்தா ஊரு வெரல விட்டு எண்ணிரும். எம் மகன் ஆடில போயிட்டு வந்தது வெளிய தெரிஞ்சிரக் கூடாதுன்னு. இல்ல… வேற எதும்னா, அதுவும் தெரிஞ்சிரக் கூடாதுன்னு."

"எங்க போயிட்டு வந்தது?"

"நீதான காட்டுன? ஆடி இருபத்திரண்டுல உண்டாச்சுன்னு. அந்தத் திரைல."

ரஹ்மத் நிஷா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"ஆடி இருபத்திரண்டு இவ கடைசியாத் தூரமான நாள்ம்மா."

கனிஷ்கா நிமிர்ந்தாள்.

"உண்டான நாளு யாருக்குத் தெரியும்? அதனால தெரிஞ்ச நாள்லருந்து எண்ணுறது. உலகம் பூராவும் எல்லாருக்கும் அப்படித்தான். மொத ரெண்டு வாரம் வயித்துல ஒண்ணுமே இருக்காது. இவ ஆவணில உங்க வீட்டுக்கு வந்த பெறகுதான் உண்டாயிருக்கா. வழக்கத்த மீறி யாரும் எங்கயும் போகல. சொல்ல வந்தேன். நீங்க எண்ணத் தெரியும்னீங்க."

கனிஷ்காவின் உதடு அசைந்தது. "அறைக்குள்ள வராத நாளும்," என்று தொடங்கி, முடிக்கவில்லை. நர்ஸுக்கு அது என்ன பேச்சு என்று விளங்கவில்லை.

துணித்திரைக்கு அந்தப் பக்கமிருந்து பவளக்கொடியின் குரல் வந்தது. அழுத குரல் இல்லை, வறண்ட குரல்.

"என்கிட்டக் கேட்டுருக்கலாம்ல அத்த."

பிறகு நர்ஸ் பதிவைத் திறந்தாள். கணக்குப்படி குழந்தைக்கு முப்பத்தாறு வாரம்தான் ஆகியிருந்தது. குறைமாதம் என்று திரை தானே எழுதிக்கொண்டது. மரணக் காரணம் என்ற இடத்திலும் அதையே எழுதியது. தாழ் வந்த நாளிலிருந்து அந்த மாவட்டத்தில் அப்படி ஒரு சாவு பதிவானதில்லை என்றும், வருத்தம் தெரிவிப்பதாகவும் அதே இனிய குரலில் சொன்னது.

"அது பொய்யி," என்றாள் கனிஷ்கா. "எம் பேத்தி கொறமாசம் இல்ல. நகத்தப் பாரு. உள்ள தேதியப் போடு பாப்பா. ஒரு மாசம் பின்னாடி போடு."

"மூடிருச்சும்மா. உயிர் போனதும் பதிவு மூடிரும். யாரும் மாத்த முடியாது."

"ரெண்டு வாரமாச்சும் போடு."

"முடியாதும்மா."

"பத்து நாளு." முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். "ஒரு நாளு. ஒரே ஒரு நாளு மாத்து தாயி. வேற எதும் கேக்கல."

ரஹ்மத் நிஷா திரையை அணைத்தாள்.

*

பவளக்கொடி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கம்பத்துக்குப் போனாள். சுருளிவேல் பின்னாலேயே போனான்; இரண்டு நாள் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தான். அடுத்த ஆடி வந்தது. அந்த வருடம் பிரித்துவைக்க யாரும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. ஆவணி பிறந்த அன்று கனிஷ்கா வாசல் தெளித்து, கம்பம் பஸ் வரும் நேரம்வரை வாசலிலேயே நின்றாள். பஸ் வந்தது. போயிற்று.

அந்த வாரம் தவசி முப்பது தார் கொண்டுவந்து இறக்கினார். சீலையம்பட்டிக்காரர், அவளிடம் பத்து வருடமாக ஏச்சு வாங்கிக்கொண்டிருப்பவர். வழக்கம்போல முதல் விலையைச் சொன்னார். வழக்கம்போல அது யாரும் நம்பக்கூடாத விலையாக இருந்தது.

கனிஷ்கா தாரைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"எப்ப வெட்டுனது தவசி?"

"நேத்துக்கா."

"சரி."

தவசி காத்திருந்தார். அவருடைய அப்பாவின் பெயர் இழுக்கப்படும் என்று காத்திருந்தார். அவள் பணத்தை எடுக்க உள்ளே திரும்பினாள். இரண்டு தாரைத் தோளில் வைத்து அறை வாசல்வரை கொண்டுபோன தவசி அங்கேயே நின்றுவிட்டார். இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அக்கா, நேத்து இல்ல. மூணு நாள் ஆச்சு. மழை, வண்டி கெடைக்கல. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீங்க பாப்பீகன்னு நெனச்சேன்."

கனிஷ்கா நின்றாள். திரும்பவில்லை. வாசலுக்கு வெளியே, கம்பம் சாலையைப் பார்த்தபடி சொன்னாள்:

"கேட்டேன்ல தவசி."